தூரத்துக் கணினி, பக்கத்துத் திரை

தூரத்தில் இருக்கும் ஒரு கணினியை இங்கிருந்தபடியே இயக்கலாம் என்று சொன்னதும், அந்தக் கணினியில் உள்ளவை எல்லாம் இணையம் வழியாக எமது கணினிக்கு வந்து இறங்கிவிடுகின்றன என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் வந்து இறங்குவதில்லை. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மென்பொருள் அங்கேயே ஓடுகிறது. கணக்கைச் செய்வதும் அந்தக் கணினிதான். இங்கே வந்து சேர்வது அதன் திரையின் படம் மட்டுமே. இங்கிருந்து அங்கே போவது அதைவிடவும் சொற்பம்: எந்த விசையை அழுத்தினோம், சுட்டியை எங்கே நகர்த்தினோம் என்ற செய்தி. படம் வருகிறது, விரலசைவு போகிறது. ரிமோட் டெஸ்க்டொப் என்ற பெயரில் நாம் கேள்விப்படுவது இதுதான். இக்கட்டுரையில் வசதிக்காக அதனைத் தொலைத்திரை என்று அழைப்போம்.

இந்த ஒரு விடயத்தைச் சரியாக விளங்கிக்கொண்டால் தொலைத்திரையின் பயனும் விளங்கும், அதன் ஆபத்தும் விளங்கும். வேலையைச் செய்வது அங்குள்ள கணினி என்பதால், எமது கையில் இருப்பது பழைய மடிக்கணினியாக இருந்தாலும் பரவாயில்லை. அதேவேளை, திரையில் தெரிவது அத்தனையும் மறுபக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும் என்பதால், யாருக்குத் திரையைத் திறந்துவிடுகிறோம் என்பது மிகப் பெரிய கேள்வியாகிவிடுகிறது. வன்னியில் இருக்கும் எமக்கு இவ்விரண்டும் தூரத்துச் சங்கதிகள் அல்ல.

முதலில் படம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். இன்று பாவனையில் உள்ள சாதாரண திரை ஒன்றில் அகலவாக்கில் 1920 புள்ளிகளும் உயரவாக்கில் 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 2,073,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட் தேவை. ஆக, ஒரு முழுத்திரைக்கு 62 இலட்சம் பைட், அதாவது 6 மெகாபைட்டுக்கும் சற்று மேல். அசைவு இயல்பாகத் தெரிய வேண்டுமென்று செக்கனுக்கு 30 தடவை முழுத்திரையையும் அனுப்பினால், ஒரு செக்கனில் 186 மெகாபைட் போய்விடும். றீலோட் செய்து வாங்கிய ஒரு ஜிகாபைட் டேட்டா ஆறு செக்கன்கூட நின்றுபிடிக்காது.

அதனால் எந்தத் தொலைத்திரை மென்பொருளும் அப்படிச் செய்வதில்லை. முதலில் ஒரு முறை முழுப்படத்தையும் அனுப்பிவிட்டு, அதன்பின் மாறிய பகுதியை மட்டும் சிறு நீள்சதுரங்களாக வெட்டி, சுருக்கி அனுப்புகிறது. தூரத்துக் கணினியில் ஓர் எழுத்தைத் தட்டினால், மாறுவது ஏறக்குறைய 20க்கு 20 அளவான ஒரு துண்டு. அதில் 400 புள்ளிகள், 1,200 பைட். சுருக்கினால் அதிலும் குறையும். எழுதுவதற்கும், நிரலாக்கத்துக்கும், கணக்குத்தாள் நிரப்புவதற்கும் மெலிந்த இணைப்பே போதுமாக இருப்பது இதனால்தான். தூரத்துக் கணினியில் ஒரு வீடியோவை ஓடவிட்டால் கதை வேறு. அங்கே திரையின் பெரும்பகுதி ஒவ்வொரு கணமும் மாறுகிறது. படம் திக்கும், துண்டு துண்டாக உடையும். அதற்கு இணையத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

படத்தை அனுப்புவதில் இரண்டு வழிகள் உள்ளன. பெருநாளுக்கு முதல் நாள் இரவு, புத்தளத்தில் இருக்கும் ராத்தா கையில் போட்டிருக்கும் மருதோன்றிக் கோலத்தை முல்லைத்தீவில் இருக்கும் தங்கைக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ராத்தா கையைப் படம்பிடித்து அனுப்பலாம். அல்லது, "உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி எட்டு இதழ், சுட்டுவிரலில் ஒரு கொடி" என்று தொலைபேசியில் சொல்லச் சொல்லத் தங்கை வரையலாம். முதல் வழியில் அனுப்புவது பெரிது. ஆனால் வாங்குபவர் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டாவது வழியில் அனுப்புவது சிறிது. ஆனால் வாங்குபவருக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டும். வி.என்.சி. எனப்படும் முறை முதல் வகை. விண்டோஸில் உள்ள ஆர்.டி.பி. முறை இரண்டாம் வகையாகத் தொடங்கி, இன்று இடத்துக்கேற்ப இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறது.

இந்த யோசனை புதியதல்ல. 1968 டிசம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாடு ஒன்றில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற ஆய்வாளர் மேடையில் அமர்ந்து ஒரு கணினியை இயக்கிக் காட்டினார். அந்தக் கணினி மண்டபத்தில் இருக்கவில்லை. சுமார் 48 கிலோமீற்றர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த அவரது ஆய்வுகூடத்தில் இருந்தது. வவுனியாவிலிருந்து மாங்குளம்வரை என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து படம் நுண்ணலை வழியாக மண்டபத்துக்கு வந்தது. மண்டபத்திலிருந்து விசை அழுத்தங்களும் சுட்டியின் அசைவும் தொலைபேசிக் கம்பி வழியாக அங்கே போயின. இன்று எம் எல்லோர் கையிலும் உள்ள சுட்டியைப் பொதுமக்கள் முதன்முதலாகக் கண்டதும் அன்றுதான். படம் வருகிறது, விரலசைவு போகிறது என்ற அடிப்படை அரைநூற்றாண்டுக்குப் பிறகும் மாறவில்லை.

அதன்பின் 1984 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவகத்தில் எக்ஸ் என்ற சாளர முறை உருவானது. ஓர் இடத்தில் ஓடும் மென்பொருளின் சாளரம் வேறோர் இடத்தின் திரையில் திறப்பதற்கு அது வழிசெய்தது. 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயங்கிய ஒலிவெட்டி ஆய்வுகூடத்தினர், எங்கே போய் உட்கார்ந்தாலும் தமது சொந்த மேசைத்தளத்தையே அங்கு காண வேண்டும் என்ற விருப்பத்தில் வி.என்.சி.யை உருவாக்கி, 1998 இல் அதன் மூலநிரலை உலகுக்கு இலவசமாகவே கொடுத்தனர். அந்த ஆய்வுகூடம் 2002 இல் மூடப்பட்டது. அவர்கள் கொடுத்த நிரலிலிருந்து பிறந்த மென்பொருள்கள் இன்றும் உலகெங்கும் ஓடுகின்றன. கொடுத்தது நிலைத்தது, கட்டடம் நிலைக்கவில்லை. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ஆர்.டி.பி.யும் அதே 1998 இல்தான் வெளிவந்தது.

இலங்கையின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற வலையமைப்பு 1990 இல் ஒரு மின்னஞ்சல் முயற்சியாகத் தொடங்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அபய இந்துருவ அதன் பின்னணியில் இருந்தார். 1990 என்றால் எமது மூத்தவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. அந்த ஆண்டின் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தமது ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தெற்கில் முதல் மின்னஞ்சல்கள் போய்வந்த அதே காலத்தில், முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்கள் கையில் எடுத்த சாமான்களோடு புத்தளம் நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதிக்குத் தேசிய மின் தொகுதியின் மின்சாரமே 2009 க்குப் பிறகுதான் மீண்டும் வந்தது. ஆகவே இங்குள்ள பிள்ளைகள் கணினியில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று பம்பைமடுவில் ஒரு முழுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த அது 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் உள்ளது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, லேர்ன் வலையமைப்பின் துணையோடு பல்கலைக்கழகங்கள் சூம் வழியாக விரிவுரைகளை நடத்தின. விரிவுரையாளர் தமது திரையை மாணவருக்குக் காட்டுவதும், "இந்த மாணவிக்கு என் திரையை இயக்க அனுமதி" என்று கொடுப்பதும் அப்போது எல்லோருக்கும் பழகிப்போனது. அதுவும் தொலைத்திரைதான். பெயர் தெரியாமலே எத்தனையோ பேர் அதைப் பயன்படுத்திவிட்டார்கள்.

விரிவுரை கேட்பது ஒரு புறம். செய்முறை வேலை மறுபுறம். உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் சில மென்பொருள்கள் கனமானவை. வரைகலை, பொறியியல் வரைதல், பெரிய தரவுத்தொகுதிகளை ஆராய்தல் போன்றவற்றுக்கு வேகமான செயலியும் அதிக நினைவகமும் வேண்டும். அவை உள்ள கணினி ஆய்வுகூடத்தில் இருக்கும். சாளம்பைக்குளத்திலோ ஹிஜ்ராபுரத்திலோ வீட்டிலுள்ள பிள்ளையின் மடிக்கணினி அதைத் தாங்காது. நிறுவனம் அனுமதித்துக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தால், வீட்டிலிருந்தபடி அந்தக் கணினியில் வேலை செய்யலாம். மூன்று இலட்சம் ரூபாவுக்குக் கணினி வாங்கித் தர முடியாத வாப்பாமாருக்கு இது சிறிய செய்தி அல்ல.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு அமுலில் இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக் கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், சேமிக்காத வேலையும் போய்விடும். தொலைத்திரையில் அப்படி அல்ல. எமது பக்கம் இருண்டாலும் மறுபக்கத்துக் கணினி ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதிய பந்தி அங்கே அப்படியே நிற்கிறது. மூன்று மணித்தியாலம் எடுக்கும் ஒரு கணக்கீட்டைத் தொடங்கிவிட்டிருந்தால் அது தன் பாட்டில் நடக்கிறது. மின்சாரம் வந்ததும் மறுபடி இணைந்தால், விட்ட இடத்திலேயே சுட்டி நிற்பதைக் காணலாம். ஆனால் இணைப்பைத் துண்டிப்பதும் கணக்கிலிருந்து வெளியேறுவதும் ஒன்றல்ல. சாளரத்தை மூடினால் இணைப்பு மட்டும் அறும், வேலை தொடரும். வெளியேறு என்ற கட்டளையைக் கொடுத்தால் திறந்திருந்த எல்லாம் மூடப்படும். வேலை முடிந்த பிறகு வெளியேறாமல் சாளரத்தை மட்டும் மூடிவிட்டு எழுந்து போவது, அடுப்பை அணைக்காமல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதைப் போன்றது.

தூரம் எவ்வளவு பாதிக்கும் என்ற கேள்வியும் வரும். ஒளியிழையில் செய்தி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. வவுனியாவிலிருந்து கொழும்பு சுமார் 255 கிலோமீற்றர். போய்த் திரும்ப 3 மில்லிசெக்கன்கூட ஆகாது. கட்டாரில் வேலை செய்யும் நானாவின் கணினிக்கு என்றால், நேர்கோட்டில் பார்த்தாலும் போய்வர 37 மில்லிசெக்கனளவு ஆகும். லண்டனுக்கு 90 மில்லிசெக்கனை நெருங்கும். இவை ஒளிக்கு இயலும் மிகக் குறைந்த நேரங்கள். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை, இடையில் எத்தனையோ சந்திகளில் நின்று நின்றுதான் செய்தி போகிறது. சுட்டியை நகர்த்திய பின் திரையில் அம்புக்குறி நகர 100 மில்லிசெக்கனுக்கு மேல் எடுத்தால் மனித மனம் அதை உணரத் தொடங்கிவிடும். நடைமுறையில் எம்மை வருத்துவது பெரும்பாலும் கடல்தூரம் அல்ல. வீட்டிலிருந்து பக்கத்துக் கோபுரம்வரை உள்ள சிக்னல்தான். மழை இருட்டோடு ஒற்றைக் கோடாகக் குறைந்துபோகும் சிக்னலை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்நேரங்களில் தொலைத்திரை மென்பொருளின் அமைப்புகளில் நிறத்தின் அளவைக் குறைத்து, பின்னணிப் படத்தையும் நிறுத்திவிட்டால் வேகம் கூடும். மணவறைப் படத்தைத் திரையின் பின்னணியாக வைத்திருப்பது அழகுதான். ஆனால் அதுவும் கம்பி வழியாக வந்தாக வேண்டும்.

இனி, இரண்டு கணினிகள் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன? ஒரே கட்டடத்தில் இருந்தால் சிக்கல் இல்லை, ஒவ்வொன்றுக்கும் உள்வலையமைப்பில் ஒரு முகவரி உண்டு. வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவதுதான் கடினம். மீள்குடியேறிய தொடக்கத்தில் வீட்டுக்கு இலக்கம் இல்லாத குடும்பங்கள் சந்திக்கடையின் முகவரியைக் கொடுத்துக் கடிதம் பெறுவது வழக்கம். அந்தக் கடைதான் எமது ரௌட்டர். வெளியுலகத்துக்குத் தெரிவது கடையின் முகவரி மட்டும். உள்ளிருந்து யாரும் கடிதம் அனுப்பலாம். நாம் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்தால், அது யாருக்கு என்று கடைக்காரருக்குத் தெரியும். எவரும் எதிர்பாராத புதுக் கடிதம் ஒன்று கடை முகவரிக்கு வந்தால், அதை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. கைத்தொலைபேசி இணையத்தில் நிலைமை இன்னும் இறுக்கம், அங்கே பல பாவனையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி.

இதற்கு டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போன்றவை கண்ட வழி, இடையில் ஒரு தரகரை வைப்பது. இரு கணினிகளும் தாமாகவே வெளியே போய் அந்த நிறுவனத்தின் சேவையகத்தோடு பேசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 9 அல்லது 10 இலக்க எண் ஒன்று அல்லது கணக்கு ஒன்று தரப்படுகிறது. ஒருவர் மற்றவரின் எண்ணைச் சொன்னால், தரகர் இருவரையும் இணைத்துவிடுகிறார். மிக இலகுவான ஏற்பாடு. அந்த இலகுதான் கவனிக்க வேண்டியதும். ரௌட்டர் என்ற கடைக்காரர் தெரியாத கடிதத்தைத் திருப்பி அனுப்பித் தெரிந்தோ தெரியாமலோ எம்மைக் காத்துக்கொண்டிருந்தார். தரகர் வந்த பிறகு, அந்த எண்ணை எவரிடம் சொல்கிறோமோ அவர் வாசலில் வந்து நிற்கிறார். தரகரும் எப்போதும் பாதுகாப்பாக இருப்பார் என்பதில்லை. 2024 பெப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனம் தனது சேவையகங்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, பாவனையாளர்களைக் கடவுச்சொற்களை மாற்றுமாறு கேட்டுக்கொண்டது.

மோசடிக்காரர்களுக்கு நிறுவனத்தின் சேவையகத்தை உடைக்கத் தேவையே இல்லை. ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். 2019 பெப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் செயலியைப் பயன்படுத்தி நடக்கும் பணமோசடி குறித்து அந்நாட்டு வங்கிகளை எச்சரித்தது. நடக்கும் விதம் இதுதான். வங்கியிலிருந்து பேசுவதாகவோ, பரிசு விழுந்திருப்பதாகவோ, கணக்கு முடக்கப்படப் போவதாகவோ ஒருவர் அழைப்பார். சரிசெய்து தருவதற்கு ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்வார். செயலி உண்மையானது, உத்தியோகபூர்வக் கடையிலேயே கிடைப்பது. அதனால் சந்தேகம் வராது. திறந்ததும் தோன்றும் எண்ணைச் சொல்லச் சொல்வார். பிறகு "அனுமதி" என்ற பொத்தானை அழுத்தச் சொல்வார். அவ்வளவுதான், கைத்தொலைபேசியின் திரை அவர் கையில். அதன்பின் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. குறுஞ்செய்தியை நாம் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. திரையில் அது வந்து விழும்போதே அவரும் வாசித்துவிடுகிறார். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பெற்றோருக்குப் பாடமாக்கியிருக்கிறோம். அவர்கள் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் பணம் போவது இப்படித்தான்.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கணினி மெதுவாக ஓடுகிறது, பிரின்டர் வேலை செய்யவில்லை என்று தெரிந்த ஒருவரிடம் சொல்கிறோம். "எண்ணை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்" என்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்நேரம் கணினியில் வட்ஸ்அப் திறந்திருக்கிறது. குடும்பப் படங்கள் மேசைத்தளத்திலேயே கிடக்கின்றன. பர்தா இல்லாமல் வீட்டுக்குள் எடுத்த படங்கள் அவற்றில் இருக்கலாம். கோப்புகளைப் பிரதிபண்ணி எடுக்கும் வசதியும் அதே மென்பொருளில் உண்டு. பிரின்டரைச் சரிசெய்யும் 10 நிமிடத்தில் எது போனது என்று எவருக்கும் தெரியாது.

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி பெற வேண்டும், திரும்பிப் போ என்றால் திரும்பிவிட வேண்டும் என்ற ஒழுக்கத்தை ஸூரத்துந் நூர் எமக்குக் கற்பிக்கிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழியிலிருந்து நாம் சிறுவயதிலேயே கற்றது. அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்றும் ஹதீஸில் வருகிறது. கதவு என்றால் பலகைக் கதவு மட்டும் என்று யாரும் எண்ணத் தேவையில்லை. தொலைத்திரையில் அனுமதிப் பொத்தான் ஒன்று தோன்றும்போது, அங்கே ஒருவர் வாசலில் நின்று கேட்கிறார். மறுப்பதற்கு உரிமை உண்டு. மறுப்பது மரியாதைக்குறைவும் அல்ல, கேட்டவர் உறவினராகவே இருந்தாலும் சரி.

அனுமதிப்பது என்று முடிவெடுத்தால் செய்ய வேண்டியவை அதிகமில்லை. தொடங்குமுன் வட்ஸ்அப், மின்னஞ்சல், படங்கள் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். முடிந்தால் உதவிக்கென்றே ஒரு வெற்றுக் கணக்கைக் கணினியில் உருவாக்கி, அதில் மட்டும் அனுமதிப்பது மேல். பார்க்க மட்டும் என்ற தெரிவு இருந்தால் முதலில் அதையே கொடுத்து, பிறகு தேவையென்றால் இயக்கவும் விடலாம். வேலை முடியும்வரை திரையின் முன் இருக்க வேண்டும். தேநீர் போட எழுந்து போகக் கூடாது. ஐயம் வந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டால் போதும், மறுபக்கத்தின் கை அந்தக் கணமே நின்றுவிடும். ஆளில்லாத வேளையிலும் நுழைவதற்கென நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றை அமைக்கும் வசதி இந்த மென்பொருள்களில் உண்டு. உதவிக்கு வந்தவர் அதை அமைத்துவிட்டுப் போயிருந்தால், நாம் தூங்கும்போதும் அவர் வரலாம். ஆகவே வேலை முடிந்ததும் மென்பொருளையே நீக்கிவிடுவது நல்லது. விண்டோஸிலேயே உள்ள குயிக் அசிஸ்ட் என்ற கருவியில் ஒவ்வொரு தடவையும் புதிய குறியீடு வரும், சற்று நேரத்தில் அது காலாவதியாகிவிடும். வீட்டுத் தேவைக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் குறியீட்டைக் கேட்பவர் நாமாகத் தேடிப்போன ஒருவராக இருக்க வேண்டும், தானாக அழைத்து வந்தவராக இருக்கக் கூடாது.

அனுமதியின்றி மற்றவர் கணினிக்குள் நுழைவது இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். ஏதேனும் நடந்துவிட்டால் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் பொலிஸாருக்கும் முறையிடலாம். பெண்களுக்கு இணையத்தில் ஏற்படும் இடர்களுக்கு ஹிதவதி என்ற சேவை உதவுகிறது. சிறுவர்களுக்கு 1929 என்ற இலக்கம் உண்டு. முறைப்பாடு செய்தால் ஊரில் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பதால்தான் மிரட்டுபவருக்குப் பலம் கூடுகிறது. பிள்ளை வந்து சொன்னால், "ஏன் அவனுக்குத் திறந்தாய்?" என்ற கேள்வியை உம்மாமார் இரண்டாவதாகக் கேட்கட்டும். முதலில் இணைப்பைத் துண்டித்து, இன்னொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கு அறிவிக்கட்டும்.

இவ்வளவு ஆபத்தா, அப்படியானால் மடிக்கணினியே வேண்டாம் என்று எடுத்து அலுமாரியில் பூட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கமாக, எல்லாம் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆகிவிட்டதே, இனிப் பிள்ளையை ஏன் விடுதிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கத் தொடங்குவோரும் உண்டு. இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகம் கவலையளிக்கிறது. தொலைத்திரை ஒரு கணினியின் படத்தைத்தான் கொண்டுவருகிறது. பக்கத்து மேசையில் இருக்கும் சகமாணவியின் சந்தேகத்தையோ, பதில் சொல்லத் தயங்கும்போது முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளும் விரிவுரையாளரையோ, நூலகத்தின் அமைதியையோ அது கொண்டுவராது. இடம் கிடைத்த பிள்ளையை அனுப்புவதற்குத் தொலைத்திரை ஈடாகாது. படித்து முடித்து, திருமணமாகி, கைக்குழந்தையோடு வீட்டிலிருக்கும் பெண் தன் துறையை விட்டுவிடாமல் வேலை செய்ய அது உதவும். கணக்கியல், வடிவமைப்பு, மென்பொருள் சோதனை போன்ற வேலைகளைக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள நிறுவனக் கணினியோடு இணைந்து வீட்டிலிருந்து செய்வோர் இன்று இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணினியின் சாவியை ஒரு நிறுவனம் நம்பிக் கொடுக்க, முதலில் கையில் தகைமை இருக்க வேண்டும்.

ஆர்வமுள்ள மாணவிகள் இதைக் கல்லூரிக் கணினிக்கூடத்தில், ஆசிரியையின் மேற்பார்வையில் செய்து பார்க்கலாம். வெளி இணையம் தேவையில்லை. ஒரே வலையமைப்பில் உள்ள இரண்டு கணினிகளும் ஒரு இலவச வி.என்.சி. மென்பொருளும் போதும். விண்டோஸின் ஆர்.டி.பி.யைத்தான் பயன்படுத்த விரும்பினால், ஹோம் பதிப்புள்ள கணினியிலிருந்து பிறவற்றுக்குப் போகலாமே தவிர, அதற்குள் வர முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தூரத்துக் கணினியில் ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து உங்கள் பெயரைத் தட்டுங்கள், தாமதம் தெரியாது. பிறகு ஒரு சாளரத்தைப் பிடித்து வேகமாக இழுங்கள். நீள்சதுரங்கள் துண்டு துண்டாக நிரம்புவதைக் காணலாம். பின்னர் செக்கன் முள் உள்ள கடிகாரம் ஒன்றை ஓடவிட்டு, இரு திரைகளையும் சேர்த்து ஒரே படமாகக் கைத்தொலைபேசியில் பிடியுங்கள். இரண்டு முள்களும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, வலையமைப்புக் கம்பியைக் கழற்றி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் செருகி இணையுங்கள். தட்டிய பெயர் அங்கே அப்படியே இருக்கும்.